டியூப் பொலெண்டாவில் என்னென்ன சமைக்கலாம்: முதல்முறை வாங்கியவர்களுக்கு

உருளை வடிவில், பிளாஸ்டிக் உறைக்குள் இறுக்கமாக அடைத்து விற்கும் பொலெண்டாவை வாங்கி வந்துவிட்டு, இதை எங்கிருந்து தொடங்குவது என்று முழிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். உள்ளே இருப்பது மக்காச்சோளக் குருணை, தண்ணீர், உப்பு. சில தயாரிப்புகளில் கெடாமல் இருக்கச் சிறிது அமிலமும் சேர்த்திருப்பார்கள். எல்லாம் ஏற்கெனவே வெந்ததுதான். பிரித்து அப்படியே ஒரு துண்டு வாயில் போட்டாலும் ஒன்றும் ஆகாது. ஆனால் சப்பென்று, ஈரமாக, ருசி ஏதும் இல்லாமல் இருக்கும். பலர் பொலெண்டாவுக்கு முழுக்குப் போடுவதே இந்த முதல் வாயில்தான்.

அதன் எடையில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். நம் வேலை அந்தத் தண்ணீரோடுதான். ஒன்று, அதை வெளியேற்றி மொறுமொறுப்பாக்க வேண்டும். அல்லது இன்னும் கொஞ்சம் நீரோ பாலோ சேர்த்துக் குழைவாக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில், லேசாகச் சூடு மட்டும் காட்டித் தட்டில் வைத்தால் யாருக்கும் பிடிக்காது. மைக்ரோவேவில் இரண்டு நிமிடம் வைத்து எடுத்துவிட்டு, பொலெண்டாவே இப்படித்தான் என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

பொலெண்டா வட இத்தாலியின் சாப்பாடு. வெனெட்டோ, லொம்பார்டி, ஃப்ரியூலி பகுதிகளில் பல தலைமுறைகளுக்கு அன்றாட உணவு இதுதான். அமெரிக்கக் கண்டத்திலிருந்து மக்காச்சோளம் வந்து சேர்வதற்கு முன்பே, சிறுதானியம், பக்வீட், செஸ்ட்நட் மாவு என்று கிடைத்ததை வைத்து இதே போல் கிளறிச் சாப்பிட்டிருக்கிறார்கள். பழைய முறையில் செம்புப் பாத்திரத்தில் 40, 45 நிமிடம் அடுப்பருகே நின்று கிளற வேண்டும். டியூபில் வருவது அந்த முக்கால் மணி நேரத்தை மிச்சம் பிடித்துத் தருகிறது. வேலை முடிந்து பசியோடு வரும் நாளில் அது சின்ன விஷயம் இல்லை.

வாங்கும்போது

கடை அலமாரியில் மூன்று வகை பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். பையில் இருக்கும் மஞ்சள் குருணை வேகவைக்காத மாவு, அதற்கு நீண்ட நேரம் கிளற வேண்டும். இன்ஸ்டன்ட் என்று போட்டிருப்பதும் உலர்ந்த மாவுதான், ஆனால் ஆவியில் வேகவைத்து உலர்த்தியது என்பதால் சில நிமிடங்களில் தயாராகிவிடும். நமக்கு வேண்டியது கையில் எடுத்தால் கனமாக, அழுத்தினால் லேசாக இடம் கொடுக்கும் உருளை அல்லது கட்டி. சில நாடுகளில் 500 கிராம், சில இடங்களில் அதைவிடச் சற்றே அதிகம். மூலிகை, உலர்ந்த தக்காளி சேர்த்த ரகங்களும் உண்டு. முதல்முறை என்றால் எதுவும் சேர்க்காததையே எடுங்கள். அதுதான் எதனோடும் சேரும், இனிப்புக்கும் ஆகும்.

உறை பிரிக்காதவரை பல தயாரிப்புகளை ஃப்ரிட்ஜுக்கு வெளியிலேயே வைக்கலாம், சிலவற்றை வைக்கக் கூடாது. உறையில் போட்டிருப்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். பிரித்துவிட்டால் மூடியுள்ள டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்து மூன்று, நான்கு நாளுக்குள் முடித்துவிடுவது நல்லது. மக்காச்சோளத்தில் குளூட்டன் கிடையாது. ஆனால் கோதுமை அரைக்கும் ஆலையிலேயே இதையும் அரைத்திருக்கலாம், ஆகவே குளூட்டன் ஆகாதவர்கள் அதற்கான குறிப்பு உறையில் இருக்கிறதா என்று பார்த்தே வாங்க வேண்டும்.

இன்னொன்று, அளவு. 500 கிராம் முழுவதையும் சாப்பிட்டாலும் சுமார் 350 கலோரிதான் வரும், புரதம் மிகக் குறைவு. இதை மட்டும் தின்று வயிறு நிரப்ப நினைத்தால் ஒரு மணி நேரத்தில் திரும்பப் பசிக்கும். பழைய காலத்தில் விளைவு இன்னும் மோசம். 18, 19ஆம் நூற்றாண்டுகளில் வட இத்தாலியின் ஏழை விவசாயிகள் பொலெண்டாவைத் தவிர வேறெதுவும் கிடைக்காமல் பெலாக்ரா என்ற நோயில் விழுந்தார்கள். மக்காச்சோளத்தில் இருக்கும் நியாசின் என்ற வைட்டமின் சத்தை உடல் எடுத்துக்கொள்ள முடியாதபடி அது பிணைந்து கிடக்கிறது. அமெரிக்கப் பூர்வகுடிகள் சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து அந்தப் பிணைப்பை அவிழ்த்தார்கள். தானியம் கப்பலேறி ஐரோப்பா வந்தது, அந்தப் பக்குவம் வரவில்லை. இன்று பலவகையாகச் சாப்பிடும் நமக்கு அந்தப் பயம் வேண்டாம். ஆனாலும் முட்டை, பீன்ஸ், சீஸ், இறைச்சி என்று ஏதாவது ஒன்றை எப்போதும் கூடச் சேர்ப்பதுதான் இதைச் சாப்பாடாக்குகிறது. கீழே வரும் சமையலில் பெரும்பாலானவை அப்படித்தான்.

பிரிப்பதும் வெட்டுவதும்

உறையின் ஒரு முனையை மட்டும் கத்தரித்து, மறு முனையிலிருந்து தள்ளினால் உருளை வழுக்கிக்கொண்டு வெளியே வரும். மேலே வழவழவென்று ஒரு ஈரப் படலம் இருக்கும். காகித டவலால் சுற்றி நன்றாக ஒற்றி எடுங்கள்.

கத்தியால் வெட்டினால் ஒட்டும், ஓரம் பிய்யும். கத்தியை ஒவ்வொரு தடவையும் நனைத்துக்கொண்டால் சமாளிக்கலாம். இதைவிட நல்ல வழி நூல். இத்தாலியில் பொலெண்டாவைப் பலகையில் கொட்டி ஆறவிட்டு நூலால்தான் அறுப்பார்கள். வாசனையில்லாத, சாயம் போகாத பருத்தி நூலை உருளைக்கு அடியில் செலுத்தி, இரண்டு முனையையும் மேலே கொண்டுவந்து, குறுக்கே மாற்றிப் பிடித்து இழுங்கள். ஒரே இழுப்பில் கண்ணாடி மாதிரி வழவழப்பான வட்டம் கிடைக்கும்.

தடிமன் ஒன்றரை சென்டிமீட்டர் இருக்கட்டும். ஒரு சென்டிமீட்டருக்குக் கீழே போனால் திருப்பும்போது உடையும். இரண்டுக்கு மேல் போனால் வெளியே சிவந்த பிறகும் நடுவில் குளிர்ந்தே கிடக்கும். ஒரு டியூபில் 10, 12 வட்டம் தேறும்.

மொறுமொறுப்பாக வறுப்பது

இதில் தேறிவிட்டால் மீதி எல்லாம் சுலபம், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வெட்டிய வட்டங்களைக் காகிதத்தில் பரப்பி, மேலே இன்னொரு காகிதம் வைத்து லேசாக அழுத்தி, பத்து நிமிடம் அப்படியே விடுங்கள். வெட்டுப்பட்ட பக்கம் தொட்டால் பிசுபிசுக்காமல் இருக்க வேண்டும். ஈரம் இருக்கும்வரை அந்த இடத்தின் சூடு 100 டிகிரி செல்சியஸைத் தாண்டாது. பொன்னிறமும் வாசனையும் வருவதற்கு அதைவிட நாற்பது டிகிரியாவது கூடுதலாக வேண்டும். ஈரத்தோடு தவாவில் போட்டால் வெளிறிப்போய், எண்ணெய் குடித்து, தவாவோடு ஒட்டிக்கொள்ளும்.

நான்ஸ்டிக் தவா போதும், நன்கு பழகிய இரும்புத் தவா இருந்தால் இன்னும் அருமை. புது எவர்சில்வர் தவா வேண்டாம். இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய் ஊற்றி, மிதமான தீக்குச் சற்று மேலே வைத்துச் சூடாக்குங்கள். ஒரு வட்டத்தின் ஓரத்தை எண்ணெயில் தொட்டுப் பார்த்தால் உடனே சத்தம் வர வேண்டும். அப்புறம் ஒவ்வொன்றாக, இரண்டு விரல் இடைவெளி விட்டு அடுக்குங்கள். நெருக்கிப் போட்டால் ஒன்றிலிருந்து வரும் ஆவியே மற்றதை வேகவைத்துவிடும். தெறிக்கும், முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

போட்ட பிறகு கையைக் கட்டிக்கொண்டு சும்மா நிற்பதுதான் வேலை. ஆறிலிருந்து எட்டு நிமிடம் தொடவே வேண்டாம். முதலில் சடசடவென்று பெரிய சத்தம் வரும், அது தண்ணீர் போகிற சத்தம். சத்தம் மெல்ல அடங்கி, ஓரத்தில் பழுப்பு வளையம் தெரியும்போது மெல்லிய தட்டைக் கரண்டியை அடியில் விட்டுப் பாருங்கள். தானாக விட்டு வந்தால் திருப்பலாம். இழுத்துப் பிடித்தால் இன்னும் ஒரு நிமிடம் பொறுங்கள், சண்டை போட்டால் மேல்தோல் தவாவிலேயே தங்கிவிடும். மறுபக்கத்துக்கு ஐந்து, ஆறு நிமிடம். எடுத்து வைக்கும்போது தட்டில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காதீர்கள், மொறுமொறுப்பு போய்விடும். கம்பித் தட்டில் வைக்கலாம்.

இன்னும் மொறுமொறுப்பு வேண்டும் என்றால் வறுக்கும் முன் கார்ன்ஃப்ளாரில் லேசாகப் புரட்டி உதறுங்கள். உப்பை கடைசியில் தூவுங்கள், முன்பே தூவினால் மறுபடி ஈரம் கசியும்.

தவாவின் முன் நிற்க நேரமில்லாதவர்களுக்கு ஓவன். 220 டிகிரியில் முன்சூடு செய்து, பட்டர் பேப்பர் விரித்த தட்டில் எண்ணெய் தடவிய துண்டுகளைப் பரப்பி 30 நிமிடம், நடுவில் ஒரு தடவை திருப்ப வேண்டும். விரல் தடிமன் குச்சிகளாக வெட்டினால் உருளைக்கிழங்கு ஃப்ரைஸ் மாதிரி இருக்கும், பிள்ளைகள் இதற்கு மறுப்புச் சொல்வதில்லை. ஏர் ஃப்ரையரில் 200 டிகிரி, 15 முதல் 20 நிமிடம், இடையில் குலுக்கிவிடுங்கள்.

குழைவாகச் செய்வது

வெந்த மாவு ஆறும்போது அதிலுள்ள ஸ்டார்ச் ஒன்றோடொன்று பிணைந்து கெட்டியாகிவிடுகிறது. அதனால்தான் உருளை வெட்டும் பதத்தில் இருக்கிறது. திரும்பச் சூடும் நீரும் கொடுத்தால் இளகும், ஆனால் கட்டி கட்டியாக இளகும். இதற்குத் தீர்வு காரட் துருவும் துருவியில், பெரிய கண்ணில் துருவிக்கொள்வது. சிறு துண்டுகளாக நறுக்கி மசிக்கலாம் என்று எல்லாரும் சொல்வார்கள், அதுவும் நடக்கும், ஆனால் கை வலிக்கும்.

500 கிராமுக்கு முக்கால் கப் பால் அல்லது காய்கறி வேகவைத்த நீர், அல்லது இரண்டும் பாதிப் பாதி. முதலில் அதைச் சூடாக்கி, துருவியதைக் கொட்டி, மிதமான தீயில் விஸ்க்கால் கிளறிக்கொண்டே இருங்கள். முதல் மூன்று நிமிடம் திரிந்த மாதிரி தெரியும், பயப்பட வேண்டாம், எட்டு நிமிடத்தில் சேர்ந்துவிடும். மிகவும் கெட்டியாக இருந்தால் கால் கப் கூட ஊற்றலாம். கரண்டியிலிருந்து வழியும்போது தட்டில் மெதுவாகப் பரவி நிற்கிற பதமே சரி. அடுப்பை அணைத்த பிறகு ஒரு மேசைக்கரண்டி வெண்ணெய், ஒரு கைப்பிடி துருவிய பார்மெசான் சீஸ். உப்பை ருசி பார்த்த பிறகே போடுங்கள். டியூபில் உப்பு இருக்கிறது, சீஸிலும் இருக்கிறது.

சைவர்களுக்கு ஒரு குறிப்பு: உண்மையான பார்மெசான், அதாவது பார்மிஜானோ ரெஜ்ஜானோ, கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும், பாலைத் திரியவைக்கும் ரென்னட்டைக் கொண்டுதான் செய்யப்படுகிறது. சைவ ரென்னட் சேர்த்த கெட்டிச் சீஸ்கள் தனியாகக் கிடைக்கும், உறையில் அப்படிப் போட்டிருப்பதை வாங்குங்கள்.

குழைவான பொலெண்டா காத்திருக்காது. பத்து நிமிடத்தில் மறுபடி இறுகத் தொடங்கும். அதனால் மேலே ஊற்ற வேண்டியதை முதலில் சமைத்து முடித்துவிட்டு இதைக் கடைசியில் செய்யுங்கள்.

இனி சாப்பாடு

காளானோடு. இரண்டு பேருக்கு 300 கிராம் காளானைத் தடிமனாக நறுக்கி, அகலமான தவாவில் நல்ல சூட்டில் போடுங்கள். நெருக்கம் கூடாது, உப்பும் இப்போது வேண்டாம். காளான் தன் தண்ணீரை விட்டு, அது சுண்டி, ஓரம் சிவக்க எட்டு, பத்து நிமிடமாகும். அதன் பிறகு வெண்ணெய், நசுக்கிய இரண்டு பூண்டுப் பல், கொஞ்சம் தைம், உப்பு, மிளகு. கடைசியில் கால் கப் தண்ணீர் ஊற்றி அடியில் ஒட்டியிருப்பதைச் சுரண்டிவிட்டால் அதுவே சாஸாகிவிடும். சில துளி எலுமிச்சைச் சாறு விட்டு, குழைவான பொலெண்டாவின் மேல் கொட்டுங்கள். இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் செய்வேன் என்பவர்கள் இதைச் செய்யுங்கள். புரதம் போதாது என்று தோன்றினால் மேலே ஒரு முட்டையைப் பொரித்து வைக்கலாம், மஞ்சள் கரு உடைந்து காளானோடு கலப்பது தனி ருசி.

தக்காளியும் முட்டையும். மூன்று பூண்டுப் பல்லை ஆலிவ் எண்ணெயில் மணக்க வதக்கி, 400 கிராம் டின் தக்காளியைக் கொட்டி மசித்து, உப்பும் மிளகாய்த் துகளும் போட்டு 15 நிமிடம் கொதிக்கவிடுங்கள். கரண்டியால் நான்கு பள்ளம் செய்து நான்கு முட்டையை உடைத்து ஊற்றி, மூடி, தீயைக் குறைத்து ஐந்து நிமிடம். பக்கத்து அடுப்பில் பொலெண்டா வட்டங்கள் வறுபட்டுக்கொண்டிருக்கட்டும். வறுத்ததைச் சாஸுக்குள் போடாமல் தொட்டுச் சாப்பிடுங்கள், இல்லையென்றால் பட்ட பாடெல்லாம் வீண்.

பீன்ஸும் கீரையும். எண்ணெயில் பூண்டு, மிளகாய்த் துகள். 400 கிராம் டின் வெள்ளை பீன்ஸை அதன் நீரில் பாதியோடு சேர்த்துக் கொட்டி, சிலவற்றை மட்டும் கரண்டியால் நசுக்கினால் குழம்பு தானே கெட்டிப்படும். 150 கிராம் பசலைக்கீரையைப் போட்டுச் சுருங்கியதும் இறக்குங்கள். எலுமிச்சை, மிளகு. இதற்கு வறுத்த துண்டும் சரி, குழைத்ததும் சரி. பால் பொருள் சாப்பிடாதவர்களுக்கு முழுமையான சாப்பாடு இது, குழைப்பதற்கும் பால், வெண்ணெய், சீஸைத் தவிர்த்துக் காய்கறி நீரை எடுத்துக்கொண்டால் போதும்.

அடுக்கி பேக் செய்வது. விருந்தாளி வரும் நாளுக்கு ஏற்றது, ஏனென்றால் முன்கூட்டியே அடுக்கி வைத்துவிடலாம். இத்தாலியில் பாஸ்தா தாளுக்குப் பதில் பொலெண்டாத் துண்டுகளை வைத்து இப்படிச் செய்யும் வழக்கம் உண்டு. மேலே சொன்ன தக்காளிச் சாஸைக் கொஞ்சம் கெட்டியாகச் சுண்டவிடுங்கள். பாத்திரத்தின் அடியில் மெல்லிய சாஸ், மேலே ஒரு சென்டிமீட்டர் வட்டங்கள் ஒன்றையொன்று தொட்டபடி, மறுபடி சாஸ், வதக்கிய கீரையோ காளானோ, மொசரெல்லா. இப்படி இரண்டு அடுக்கு போதும். மொத்தம் 150 முதல் 200 கிராம் மொசரெல்லா வேண்டும். தண்ணீரில் மிதக்கும் புது மொசரெல்லா என்றால் பிய்த்துக் காகிதத்தில் கால் மணி நேரம் வடியவிடுங்கள். பொலெண்டாவின் நீரும், தக்காளியின் நீரும், சீஸின் நீரும் சேர்ந்தால் வெளியே வருவது சூப்தான். 200 டிகிரியில் 25, 30 நிமிடம், மேலே கொப்புளம் விட்டுச் சிவக்கும்வரை. வெளியே எடுத்தவுடன் வெட்டக் கூடாது. பத்து நிமிடம் ஆறினால்தான் துண்டு துண்டாக எடுக்க வரும்.

இவ்வளவு கூடச் செய்ய முடியாத நாளில், வறுத்த வட்டத்தின் மேல் ஒரு கரண்டி சாஸும் சீஸும் வைத்துத் தவாவை மூடிவிட்டால் குட்டிப் பீட்ஸா. இறைச்சி சாப்பிடுபவர்கள் நேற்றைய ஸ்ட்யூவைச் சூடாக்கிக் குழைவான பொலெண்டாவின் மேல் ஊற்றலாம். நீலச் சீஸ் பிடித்தவர்கள் கோர்கொன்சோலாவை அப்படியே உதிர்த்துப் போட்டு, சூட்டிலேயே உருகவிட்டுச் சாப்பிட்டுப் பாருங்கள். லொம்பார்டிக்காரர்களின் பழைய சேர்க்கை அது.

காலை நேரத்துக்கு, எதுவும் சேர்க்காத ரகத்தை வெண்ணெயில் வறுத்துத் தேனோ பழமோ சேர்த்தால் நன்றாகவே இருக்கிறது. வெண்ணெய் சீக்கிரம் கருகும், பாதி எண்ணெய் கலந்துகொள்ளுங்கள்.

மீந்தவை

உடைந்த துண்டுகளையும் ஓரங்களையும் எறிய வேண்டாம். சிறு கட்டங்களாக வெட்டி ஓவனில் காயவிட்டால் சூப்பிலும் சாலடிலும் போடலாம். ஃப்ரீசரில் வைத்தால் உருகும்போது நீர் பிரிந்து பொரபொரப்பாகும். வறுப்பதற்கு அது பரவாயில்லை, நன்றாக ஒற்றி எடுத்துக்கொள்ளலாம். குழைவாக்க மட்டும் ஃப்ரீசரில் வைத்தது ஆகாது.

டியூப் கிடைக்காத ஊரில் இருந்தால் இன்ஸ்டன்ட் மாவு ஒரு கப்புக்கு நான்கு கப் தண்ணீர் கொதிக்கவைத்து, உப்புப் போட்டு, மாவை மழை மாதிரித் தூவிக்கொண்டே கிளறுங்கள். உறையில் சொன்ன நேரத்தைவிட இரண்டு நிமிடம் கூடவே கிளறி, எண்ணெய் தடவிய ரொட்டி டின்னில் ஊற்றி, மேற்பரப்பைத் தொட்டபடி பிளாஸ்டிக் தாள் போர்த்தி, ஆறியதும் ஃப்ரிட்ஜில் வையுங்கள். இரண்டு மணி நேரத்தில் இறுகும். இரவே ஊற்றி வைத்தால் மறுநாள் வெட்டு இன்னும் சுத்தமாக வரும்.